சாச்சி கேற்றைத் தாண்டிய நாள்

என் வாப்பா பொய் சொல்வதில் பேர்போனவர். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நிந்தவூரில் அந்தக் காலத்தில் யாரும் அதைக் குறையாகச் சொன்னதுமில்லை. அவர் எங்கள் பக்கத்து வயல்களுக்கு வட்டவிதானையாக இருந்தார். வாய்க்கால் தண்ணீரை எந்த வயலுக்கு எப்போது விடுவது என்று பார்ப்பதும், அதனால் வரும் சண்டைகளைத் தீர்த்து வைப்பதும் அவருடைய வேலை. தண்ணீர் போதாத போகங்களில் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருவரையொருவர் துரத்துகிறவர்களை அவர் அதட்டி அடக்கியதில்லை. பொய் சொல்லித்தான் அடக்கினார்.

ஒரு மடைக்காக முகம் பார்க்காமல் இருந்த காக்காவும் தம்பியுமான இரண்டு பேரை அவர் சேர்த்து வைத்த கதையை ஊரில் எல்லோரும் சொல்வார்கள். மூத்தவரிடம் போய், "உங்கட தம்பி நேத்து என்னட்ட வந்து அழுதிட்டான்" என்றார். இளையவரிடம் போய், "காக்கா உன்ட பேரச் சொல்லித்தான் துஆக் கேக்காரு" என்றார். இரண்டும் நடக்காத காரியங்கள். அடுத்த ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் அந்த இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க, வாப்பா சற்றுத் தள்ளி நின்று, பயிர் பிடித்துவிட்டதா என்று பார்க்கிறவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தாராம். "தோளில இருந்து பாவம் எழுதுற மலக்குமாருக்கு இவருட பொய்ய எழுதி எழுதிக் கை உளைஞ்சிரிக்கும்" என்று உம்மா சொல்வார். "சண்டையத் தீக்கிறத்துக்குச் சொல்லுற பொய் எழுத்தில வராது" என்று வாப்பா சிரிப்பார்.

சாச்சியை நர்ஸ் படிப்புக்கு அனுப்பியதும் அப்படி ஒரு பொய்தான். சாச்சி என் உம்மாவின் ஒரே தங்கை. கொழும்பில் போய்ப் படிக்க அவருக்கு இடம் கிடைத்தபோது ஊர் கொதித்தது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்றுவிடும் வெள்ளைக் கவுன், முக்காட்டுக்குப் பதிலாகத் தலையில் ஒரு சின்னத் தொப்பி, அந்நிய ஆண்களின் கையைப் பிடித்து நாடி பார்க்கும் வேலை. எங்கள் ஊரிலிருந்து ஒரு பெண் பிள்ளை அதற்கு முன் அப்படிப் போனதில்லை. வாப்பா பெரியவர்கள் இருந்த இடத்துக்குப் போனார். "படிச்சு முடிஞ்சதும் நம்மட ஆஸ்பத்திரிக்கே திருப்பித் தாறதாச் சொல்லிரிக்காங்க. இனி நம்மட பொம்புளயளுக்குப் புள்ளப்பெறு பாக்க நம்மட பொம்புளயே இருப்பா" என்றார். அப்படி எவரும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் ஊர் அடங்கியது. சாச்சி போனார். படித்து முடித்து, கொழும்பிலேயே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சிறுபிள்ளைகளின் வாட்டில் வேலையானார். ஊர்ப் பெரியவர்கள் வாப்பாவிடம் விசாரிக்கும்போதெல்லாம், "அடுத்த வருசம் வந்திருவா" என்று அவர் ஒரு புதுப் பொய் சொல்லிச் சமாளித்தார்.

எனக்குப் பத்து வயதாயிருந்தபோது, அது எண்பதுகளின் நடுப்பகுதி, அறுவடை நேரத்தில் வைக்கோல் ஏற்றிய ட்ரக்டர் பெட்டியிலிருந்து விழுந்துவிட்டேன். காயம் சின்னதுதான். முறிவுக்குக் கட்டுகிறவர் எண்ணெய் பூசிக் கட்டிவிட்டார். அதற்குப் பிறகுதான் கால் வீங்கத் தொடங்கியது. காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. கடைசியில், எலும்புக்குள் சீழ் பிடித்திருக்கிறது, கொழும்புக்குக் கொண்டுபோகாவிட்டால் காலைக் காப்பாற்ற முடியாது என்று டாக்டர் சொன்னார். கல்முனையிலிருந்து விடியற்காலையில் புறப்பட்ட பஸ்ஸில், நீட்டிய காலுக்குக் கீழே தலையணை வைத்து, உம்மாவின் மடியில் தலை வைத்து நான் கொழும்புக்குப் போனேன். வழியில் எத்தனையோ இடத்தில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தினார்கள். என் காலைப் பார்த்ததும், எங்களை மட்டும் இறங்கச் சொல்லாமல் விட்டார்கள்.

சாச்சி ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுவண்டியோடு நின்றார். பெருநாளைக்கு ஊருக்கு வந்து எங்களோடு கும்மாளம் போடுகிற சாச்சியாக அவர் அங்கே இருக்கவில்லை. கறுத்த சப்பாத்து டக் டக்கென்று கேட்க நடந்தார். சிங்களத்தில் வேகமாகக் கதைத்தார். பெரிய டாக்டர்கள்கூட அவரிடம் ஏதோ கேட்டுவிட்டுத் தலையாட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்துக் கட்டில்களில் இருந்த சிங்களப் பிள்ளைகளிடம், பாஷை தெரியாவிட்டாலும், அவரைக் கை காட்டி என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.

ஒப்பரேஷன் முடிந்த பிறகு தினமும் காயத்தைக் கழுவி மருந்து கட்டுவதுதான் பெரும்பாடு. புண்ணுக்குள் நீளமாகத் திணித்திருக்கும் துணியை இழுத்து எடுக்கும்போது உயிர் போய்த் திரும்பும். சாச்சி அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். "மகள், நிந்தவூரில பஸ் ஏறிட்டம். அடுத்தது எங்க?" என்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை என்று தெற்கே போகும் ஊர்களைச் சொல்லவேண்டும். பஸ் அக்கரைப்பற்றைப் பிடிக்குமுன் புதுக்கட்டுப் போட்டு முடித்துவிடுவார். சாச்சி இல்லாத நேரத்தில் சோமா மிஸ்ஸி வருவார். அங்கே நர்ஸ்மாரை எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிட்டார்கள். சோமா மிஸ்ஸி சாச்சியோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர். எங்கள் ஊர்ப் பெயர்களைச் சாச்சியிடம் கேட்டுப் பாடமாக்கி, "அட்டாளச்சேன" என்பதைத் திக்கித் திக்கிச் சொல்லி என்னைச் சிரிக்க வைப்பார்.

ஒருநாள் காலையில் இரண்டு பேருமே வரவில்லை. வேறு எந்த மிஸ்ஸியும் வரவில்லை. நர்ஸ்மாருக்கெல்லாம் தலைவியான வயதான மேற்றனும் இரண்டு அற்றென்டன் பெண்களும் மட்டும் வாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். என் கட்டில் மாடியில் யன்னலோரமாக இருந்தது. எட்டிப் பார்த்தேன். பெரிய கேற்றுக்கு வெளியே, மரங்களுக்குக் கீழே, பெண்கள் குடைகளோடு கூட்டமாக இருந்தார்கள். நிறம் நிறமான சேலைகள். கலியாண வீடு போலத்தான் எனக்குத் தெரிந்தது. அந்தக் கூட்டத்துக்குள் சாச்சியைக் கண்டுபிடித்து நான் கத்தினேன். கேட்டிருக்காது. ஆனாலும் அவர் நிமிர்ந்து பார்த்துக் கையைக் காட்டினார்.

"ஸ்ட்ரைக்காம்" என்று உம்மா சொன்னார். அந்தச் சொல் உம்மாவுக்கும் புதிதுதான்.

பின்னேரம், நோயாளர்களைப் பார்க்க வெளியாட்களை விடுகிற நேரத்தில், சாச்சி மற்றச் சொந்தக்காரர்களோடு சேர்ந்து, தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். பார்க்க வருகிறவர்களை வெளியில் இருந்தவர்கள் தடுக்கவில்லை. வேலைக்குப் போவதுதான் கூடாது. கட்டிலோரத்தில் இருந்து என் தலையைத் தடவினார். கட்டைத் தொடவில்லை. காலையிலிருந்து மாற்றாத கட்டு நனைந்து நாறிக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, நீயே ஒருக்காக் கட்டிட்டுப் போ. ஆருக்குத் தெரியப் போகுது?" என்றார் உம்மா.

"ஆருக்கும் தெரியாமச் செய்ற வேல இல்ல ராத்தா இது."

"அப்ப இந்தப் புள்ள கிடந்து அழுகட்டுமா?"

சாச்சி வாட்டைச் சுட்டிக் காட்டினார். "ராவையில இவ்வளவு புள்ளயளுக்கும் நான் தனிய ஒராள் ராத்தா. போன மாசம் இந்தப் பக்கத்தில ஒண்டுக்கு ஊசி போட்டுட்டுக் கிறுகிப் பாக்கன், அந்தப் பக்கத்தில ஒண்டு கண்ண மூடிட்டு. அதுட உம்மா என்னட்டக் கேக்கா, மிஸ்ஸி நீங்க எங்க போயிருந்தீங்க எண்டு. நான் என்னத்தச் சொல்ற? எங்களுக்கு இன்னும் ஆக்களத் தாங்க எண்டு கேட்டுக் கேட்டு வாய் உளைஞ்சிட்டு. மறுகாத்தான் வெளிய வந்த."

சாச்சி எழும்பி, உம்மாவைக் குழாயடிக்குக் கூட்டிப்போய், இரண்டு கைகளையும் சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவ வைத்தார். பிறகு பக்கத்தில் நின்று, தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, எதை எப்படி எடுப்பது, எப்படிக் கழுவுவது என்று சொல்லிக் கொடுத்தார். நான் அழுத அழுகையில் பஸ் ஒலுவிலையே தாண்டவில்லை.

இரண்டு மூன்று நாட்களில் உம்மா தேறிவிட்டார். என் கட்டை மாற்றிவிட்டு, கேட்கிற தாய்மார்களுக்கு உதவியும் செய்தார். சிங்களத்தில் ஒரு சொல் தெரியாத உம்மாவைப் பார்த்துச் சிங்களத் தாய்மார்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஆனால் எல்லாவற்றையும் ஒரு தாய் பார்த்துச் செய்துவிட முடியாது. சேலைன் ஏற்றுவதற்குப் பட்டாளத்திலிருந்து வந்த பொடியன்மார், பிள்ளைகளின் மெல்லிய கையில் நரம்பைத் தேடித் தேடிக் குத்தினார்கள். எழும்பி நடக்கக்கூடிய பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். வாட்டில் கட்டில்கள் வெறுமையாகிக்கொண்டு வந்தன. ஏன் வெறுமையாகின என்று எல்லாக் கட்டிலுக்கும் காரணம் கேட்க வேண்டாம் என்று உம்மா எனக்குச் சொல்லி வைத்திருந்தார்.

செய்தி ஊருக்கு எட்டியதும் வாப்பா புறப்பட்டு வந்தார். புறக்கோட்டையில் எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் துணிக்கடைக்கு மேலே தங்கிக்கொண்டு, காலையும் மாலையும் ஆஸ்பத்திரிக்கு நடந்தார். வந்த அன்றே சாச்சியைத் தேடிக் கேற்றடிக்குப் போனார். உம்மாவும் கூடப் போயிருந்ததால் அங்கே நடந்த பேச்சு எனக்குப் பிறகு கிடைத்தது.

"புள்ள, றேடியோல சொன்னத்தக் கேட்டியா?" என்றாராம் வாப்பா. குறித்த நாளுக்குள் வேலைக்குத் திரும்பாதவர்கள் வேலையை விட்டதாகவே எடுத்துக்கொள்ளப்படும் என்று வானொலியில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"கேட்ட மச்சான்."

"ஊரையே எதித்துக்கிட்டு உன்ன அனுப்பினன். இப்ப வேலயும் இல்லாம வெறுங்கையோட வந்து இறங்கினா அவனுகள் என்ன சொல்லுவானுகள்?"

"வெறுங்கையோட வந்தாலும் வெக்கமில்லாம வருவன் மச்சான். இவங்க எல்லாரும் வெயில்ல கிடக்கக்குள்ள நான் மட்டும் உள்ளுக்குப் போனா, மறுகா எனக்கு எந்த வேல இருந்தும் என்ன?"

வாப்பா மறுவார்த்தை சொல்லாமல் திரும்பிவிட்டார். எந்தச் சண்டையிலும் அவர் முதலில் செய்வது அதுதான். சொன்னதை ஏற்றுக்கொண்டதுபோலத் திரும்பி வருவார். வரும் வழியில் யோசிப்பார்.

குறித்த நாள் வந்தது. காலையிலேயே வாப்பா ஒரு பை நிறையத் தோடம்பழங்களோடு என் கட்டிலுக்கு வந்தார். ஒன்றை உரித்து, சுளையிலிருந்த நாரைக்கூட எடுத்துவிட்டு, என் கையில் தந்தார். வழக்கமாக அவர் என்னோடு பகிடி விடுவார். அன்று யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். உம்மா துணி கழுவப் போனதும் எழும்பினார்.

"இத நீ தின்னு முடி மகள். நான் போய்ச் சாச்சியக் கூட்டிட்டு வாறன்."

"இப்ப வரமாட்டாவே. பின்னேரம்தானே வருவா?"

"இல்ல. இப்பவே வருவா" என்றார்.

யன்னலால் நான் எல்லாவற்றையும் பார்த்தேன். ஆஸ்பத்திரி முற்றத்தில் மெதுவாக நடந்து போன வாப்பா, கேற்றை நெருங்கியதும் ஓடத் தொடங்கினார். கூட்டத்தின் முன்னால் நின்று இரண்டு கைகளையும் தலையில் வைத்தார். மாடியைக் கை காட்டினார். சாச்சி இருந்த இடத்திலிருந்து துள்ளி எழும்பினார். அவரோடு சேர்ந்து பக்கத்தில் இருந்தவர்களும் எழும்பினார்கள். கேற்றுக்குக் குறுக்கே வரிசையாக நின்ற பெண்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டார்கள். சோமா மிஸ்ஸி சாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு கேற்று வரை ஓடி வந்து, அங்கே நின்று கையை விட்டார். மற்றக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சாச்சி மட்டும் உள்ளே ஓடி வந்தார். வளர்ந்த பெண் ஒருத்தி அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. எனக்காகத்தான் இந்த ஓட்டம் என்று நினைக்க எனக்குச் சிரிப்பும் சந்தோஷமுமாக வந்தது.

வாட்டு வாசலில் வந்து நின்றபோது ஒரு காலில் செருப்பு இல்லை. முக்காடு கழன்று தோளில் கிடந்தது. நான் தோடம்பழச் சுளையை உயர்த்திக் காட்டி, "சாச்சீ!" என்று கூப்பிட்டேன்.

அவர் அருகில் வந்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். போர்வையை விலக்கி, என் கால் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"காய்ச்சல் எப்ப கூடின மகள்? கால் கறுத்திட்டெண்டு சொன்னாரு..."

"ஆர் சொன்ன? எனக்கு ஒண்டும் இல்ல சாச்சி. வாப்பா தோடம்பழம் வாங்கித் தந்தாரு. உங்களுக்கும் இரிக்கி."

சாச்சி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். ஈரத் துணியோடு உம்மா வந்தார். சற்றுப் பிந்தி வாப்பா வந்தார். அவர் முகத்தில் பள்ளிவாசல் முற்றத்தில் இருந்திருக்கக்கூடிய அதே சிரிப்பு, ஆனால் கொஞ்சம் பயந்த சிரிப்பு.

"கோவிக்காத புள்ள. உள்ளுக்கு வந்திட்டா எண்டாச் செரி. மேற்றனும் கண்டிட்டா. இனி உன்ட வேலைக்கு ஒண்டும் வராது. வெளிய நிக்கிறவங்களுக்கும் உன்னோட கோவமில்ல. அவங்களேதானே வழி விட்ட."

"ஓம் மச்சான்" என்றார் சாச்சி. குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "அவங்களேதான் வழி விட்ட. சோமா அழுதா. நீங்க பாத்தீங்கதானே?"

சாச்சி ஏசுவார் என்று வாப்பா எதிர்பார்த்திருப்பார். அதற்குப் பதில் வைத்திருப்பார். இதற்கு இன்னொரு தோடம்பழத்தை எடுத்து உரிக்கத்தான் அவரால் முடிந்தது.

சாச்சி வெளியே போகத்தான் திரும்பினார். இரண்டு கட்டில் தள்ளி இருந்த ஒரு சிங்களத் தாய் ஓடி வந்து அவருடைய சேலைத் தலைப்பைப் பிடித்தாள். அவளுடைய கைக்குழந்தையின் கை, சேலைன் நரம்பில் ஏறாமல் தசைக்குள் இறங்கி, முழங்கை வரை பொம்மிப் போயிருந்தது. சாச்சி அந்தக் கையைப் பார்த்தார். கேற்றுப் பக்கம் பார்த்தார். பிறகு கையிலிருந்த காப்பைக் கழற்றி என் தலைமாட்டில் வைத்துவிட்டு, குழாயடிக்குப் போய்க் கைகளைக் கழுவினார்.

அதற்குப் பிறகு அவர் நிற்கவில்லை. அந்தக் குழந்தை, அதற்கு அடுத்த பிள்ளை, அதற்கும் அடுத்தது. தாய்மார்கள் எல்லாப் பக்கமிருந்தும் கூப்பிட்டார்கள். கடைசியாகத்தான் என்னிடம் வந்தார். "நிந்தவூரில பஸ் ஏறிட்டம்" என்று அன்று அவர் சொல்லவில்லை. நானாகவே ஏறினேன். ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று. சாச்சியின் கை அன்று மிகவும் மெதுவாகத்தான் வேலை செய்தது. தம்பிலுவில், திருக்கோவில், வினாயகபுரம் எல்லாம் போய், எனக்குத் தெரிந்த ஊர்கள் முடிந்த பிறகும் கட்டு முடியவில்லை. பல நாள் செய்யாததால் கை பழக்கம் விட்டுப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் நான் கிடந்த நாட்களில் அதைவிடச் சந்தோஷமான நாள் எனக்கு இருக்கவில்லை.

அன்று மாலை கேற்றடியில் நடந்ததை உம்மா எனக்கு மிகவும் பிந்தித்தான் சொன்னார். வாப்பா மௌத்தாகி அடக்கமும் முடிந்த பிறகு சொன்னார். சாச்சியோடு உம்மாவும் கேற்று வரை போயிருக்கிறார். அதற்கு முன்பே, வேலை முடிந்து வீட்டுக்குப் போன ஒரு அற்றென்டன் பெண், மிஸ்ஸியின் அந்தப் பிள்ளை கட்டிலில் இருந்து தோடம்பழம் தின்றுகொண்டிருக்கிறது, மிஸ்ஸி காலையிலிருந்து வேலை செய்கிறார் என்று வெளியில் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். கூட்டம் எழும்பி நின்றது. யாரும் ஏசவில்லை. சோமா மிஸ்ஸி முன்னால் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். சிங்களம் தெரியாவிட்டாலும் அது என்ன கேள்வி என்று உம்மாவுக்கு விளங்கியது. பிள்ளை எப்படி இருக்கிறது?

"நல்லா இருக்கு" என்றார் சாச்சி.

சோமா மிஸ்ஸி திரும்பி நடந்தார். மற்றவர்களும் திரும்பினார்கள்.

உம்மா பதறிப்போய், பொய் சொன்னது இவள் அல்ல, என் மாப்பிள்ளை, இந்தப் பிள்ளையின் வாப்பாதான் என்று எப்படியாவது சைகையிலாவது சொல்லிவிட வேண்டுமென்று முன்னால் போனாராம். சாச்சி உம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"வேணா ராத்தா."

"சொன்னா என்ன? உள்ளதத்தானே சொல்லப் போறம்?"

"மச்சான் ஊரையே எதித்துக்கிட்டு என்னப் படிக்க அனுப்பினவரு. அவரப் பொய்யனாக்கி நான் நல்லவளாக ஏலா. விடுங்க."

வாப்பாவின் பொய் அந்த நேரத்திலிருந்து சாச்சியின் பொய்யாயிற்று.

அதற்குப் பிறகு ஒரு கிழமைகூட ஆகவில்லை, ஸ்ட்ரைக் முடிந்தது. ஏதோ ஒரு பேச்சுவார்த்தையில் எல்லோரையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். வெளியில் நின்றவர்களில் ஒருவருக்கும் வேலை போகவில்லை. வெளியிலேயே நின்றிருந்தால் சாச்சிக்கும் போயிருக்காது. இதை வாப்பா துணிக்கடையின் றேடியோவில்தான் கேட்டிருக்கிறார். அன்று அவர் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை.

வாட்டு மறுபடியும் வெள்ளை உடுப்புகளால் நிறைந்தது. சோமா மிஸ்ஸி முன்புபோலவே என் காலைப் பூப்போலத் தொட்டு மருந்து கட்டினார். தலையைத் தடவினார். ஆனால் ஊர்ப் பெயர் சொல்லி விளையாடவில்லை. சாச்சி வாட்டுக்குள் நுழைந்தால் அவர் பாதி வேலையோடு மேற்றனின் அறைக்குப் போய்விடுவார். அவருக்கு நிறைய வேலை போலும் என்று நினைத்தேன். அவருடைய படுக்கை வேறு அறைக்கு மாறிவிட்டதும், சாப்பாட்டு மேசையில் சாச்சியின் பக்கத்துக் கதிரைகள் வெறுமையாக இருந்ததும் எனக்கு எப்படித் தெரியும்?

சாச்சி மாற்றம் கேட்டார். அடுத்த வருடம் எங்கள் பகுதி ஆஸ்பத்திரிக்கே வந்து சேர்ந்தார். வட்டவிதானை அன்றைக்குச் சொன்னது பொய்யில்லை, நம்மட பொம்புளை நம்மிடமே வந்துவிட்டாள் என்று ஊர்ப் பெரியவர்கள் வாப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். வாப்பா அந்தக் கையை உருவிக்கொண்டு வீட்டுக்கு வந்து, தலையிடிக்கிறது என்று படுத்துவிட்டார்.

எங்கள் ஊரில் எத்தனையோ பிள்ளைகள் சாச்சியின் கையில் பிறந்தார்கள். அவருக்குக் கலியாணம் நடந்தது, வீடு வாசல் வந்தது. குறையொன்றும் இல்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் கொழும்பில் கூடப் படித்தவர்கள் யாராவது எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்கு மாறி வருவார்கள். அவர்களோடு அந்தக் கதையும் வரும். சில வருடங்களுக்குப் பிறகு இங்கேயும் நர்ஸ்மார் வேலைநிறுத்தம் செய்தபோது, சேர வருகிறீர்களா என்று சாச்சியிடம் ஒருவரும் வந்து கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று நினைத்திருப்பார்கள். சாச்சி அந்த நாட்களில் வேலைக்கும் போகவில்லை, கேற்றடிக்கும் போகவில்லை. வீட்டுக்குள் இருந்து, தோய்த்த உடுப்பையே திரும்பத் தோய்த்துக்கொண்டிருந்தார்.

வாப்பாவும் மாறித்தான் போனார். வயலில் சண்டை வந்தால் இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு, உள்ளதை உள்ளபடியே சொல்லத் தொடங்கினார். அதனால் சண்டைகள் நீண்டன. வட்டவிதானைக்கு வயதாகிவிட்டது, முன்னைய மூளை இல்லை என்று விவசாயிகள் பேசிக்கொண்டார்கள். ஒருநாள் சாச்சியின் வீட்டில் நான் இருக்கும்போது வாப்பா வந்தார். சாச்சி கொடுத்த தேத்தண்ணியைத் தொடாமல் கதிரையில் இருந்துவிட்டு, "அண்டைக்கு நான்..." என்று தொடங்கினார்.

"தேத்தண்ணி ஆறுது மச்சான்" என்றார் சாச்சி.

வாப்பா குடித்துவிட்டு எழும்பிப் போனார். அந்தப் பேச்சு அவர்களுக்குள் அதற்கு மேல் வளரவேயில்லை. சாச்சி அவரை மன்னித்துவிட்டதால் பேச விடவில்லையா, மன்னிக்க முடியாததால் பேச விடவில்லையா என்று நான் உம்மாவிடம் கேட்டிருக்கிறேன். "ரெண்டும் ஒண்டுதான் போல, எனக்கும் தெரியா" என்றார் உம்மா.

சுகமாகிவிட்டது என்று துண்டு எழுதி, கொழும்பு ஆஸ்பத்திரியிலிருந்து என்னை வீட்டுக்கு அனுப்பிய காலைப்பொழுதுதான் இப்போது அடிக்கடி ஞாபகம் வருகிறது. வாப்பா ஒரு வாடகைக் கார் பிடித்து வந்திருந்தார். பின் சீற்றில் காலை நீட்டி, பின்கண்ணாடியைப் பார்த்தபடி என்னை இருத்தினார்கள். வேலைக்கு வருகிற நேரம். கேற்று வழியாக மிஸ்ஸிமார் கூட்டமாக, ஒருவர் தோளை ஒருவர் இடித்துச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். அந்தக் கூட்டம் முழுவதும் கடந்து போன பிறகு, நல்ல தூரம் விட்டு, சாச்சி தனியாக வந்தார். எங்களைக் கண்டதும் நின்று கையைக் காட்டினார். கார் புறப்பட்டது.

எல்லோரோடும் போனால் அவசரமாகப் போக வேண்டியிருக்கும், என்னை வடிவாகப் பார்த்து அனுப்ப வேண்டுமென்றுதான் சாச்சி பின்தங்கி வருகிறார் என்று நினைத்தேன். எவ்வளவு பாசம்! கார் திரும்பி அவர் மறையும்வரை, முன்னால் இருந்த வாப்பாவிடம், "பாருங்க வாப்பா, எனக்காகத்தான் தனிய நிக்கா, பாருங்களேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே கையை ஆட்டினேன். வாப்பா திரும்பிப் பார்க்கவில்லை.